முகத்தை விடுங்கள், முதுகைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஜைனுல் ஆபிதீன். வங்கதேசத்தில் இந்த ஓவியரைத் தெரியாதவர்கள் குறைவு. நம் பக்கம்தான் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1943, வங்கப் பஞ்சம். பர்மா அரிசி நின்றுபோய் நம் திருவிதாங்கூரே மரச்சீனிக் கிழங்கை நம்பிக் கிடந்த காலம். வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வங்காளத்தில் அதைவிடக் கொடுமை. கிராமத்து ஜனங்கள் கல்கத்தாவுக்கு வந்து வாசல் வாசலாக நின்று கேட்டது சோறுகூட இல்லை, சோறு வடித்த கஞ்சி. நாம் மாட்டுக்கு ஊற்றுகிறோமே, அதேதான். அதுவும் கிடைக்காதவர்கள் நடைபாதையிலேயே செத்தார்கள்.

ஆபிதீன் அங்கே கலைப்பள்ளி ஆசிரியர். முப்பது வயதுகூட ஆகவில்லை. பொட்டலம் கட்டும் மலிவுத் தாளையும் கறுப்பு மையையும் வைத்துக்கொண்டு வரைந்தார். போகிற இடமெல்லாம் நான் சொல்வது, இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படங்களில் முகத்தை விடுங்கள், முதுகைப் பாருங்கள். தூரிகையில் மை பாதி காய்ந்தபின் இழுத்தால் கோடு சொரசொரவென்று விட்டுவிட்டு விழும். விலா எலும்புக்கு அந்தக் கோடுதான். குப்பைத் தொட்டி ஓரத்தில் மனிதனும் காக்கையும் ஒரே எச்சிலுக்கு நிற்பார்கள். கண்ணீர் வரைந்து நம்மை அழவைக்கும் வேலையே அவரிடம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரின் கோடு அது. முதுகு, மறக்காதீர்கள்.

அப்புறம் இன்றைய வங்கதேசக் கரையில் அடித்த 1970 நவம்பர் புயல். லட்சக்கணக்கில் மக்கள் போனார்கள். அந்தக் கரையோர மன்புரா தீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுமார் முப்பது அடி நீளச் சுருளில் வரைந்தார். மனித உடல்களும் மாடுகளும் குவிந்து கிடக்கும். ஓரத்தில் ஒரே ஒருவன், உயிரோடு, தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறான். விரக்தியின் படம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும், ஒக்கிக்குப் பிறகு தூத்தூர்ப் பக்கத்திலும் அப்படி உட்கார்ந்திருந்தவர்களை நமக்குத் தெரியும். அவர்கள்தான் பிறகு எழுந்து வள்ளத்தைத் தள்ளினார்கள்.

அடுத்து, சேற்றில் புதைந்த மாட்டுவண்டியை ஒருவன் நெம்புகிற படம். இதற்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒரே வரி: அங்கேயும் முதுகுதான். டாக்காவில் 1948இல் அவர் முன்நின்று தொடங்கிய கலைப்பள்ளியைப் பற்றியும் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளின் போனில் தேடிப் பாருங்கள், ஜைனுல் ஆபிதீன். வணக்கம்.