மலைச் சிங்கமும் மாத வாடகையும்

(கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் தமிழ் நண்பர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் வீடு ஏன் போதவில்லை, இத்தனை பேர் ஏன் தெருவில் இருக்கிறார்கள் என்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் உட்சைடு என்ற பணக்கார ஊர் ஒரு அறிவிப்பு விட்டது. எங்கள் ஊர் முழுவதும் மலைச் சிங்கங்கள் வாழும் இடம், அதனால் ஒரு மனையில் இரண்டு வீடு கட்ட அனுமதி கிடையாது என்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் கலிஃபோர்னியா அரசு எஸ்.பி. 9 என்ற சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. ஒற்றை வீட்டுக்கான மனையில் இரண்டு வீடு கட்டலாம், மனையைப் பிரித்தால் நான்கு வரை போகலாம். அந்தச் சட்டத்திலிருந்து தப்பிக்கத்தான் சிங்கத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் ராப் பொன்டா இது செல்லாது என்று கடிதம் எழுதினார், ஊர் பின்வாங்கியது. பத்து அறை வைத்து ஒரு மாளிகை கட்டினால் கோபப்படாத சிங்கம், இரண்டு சின்ன வீட்டுக்கு மட்டும் ஏன் கோபப்படும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள். சரி, நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் குப்பர்டினோவுக்கு வருவோம். பழைய வால்கோ மால் இருந்த இடம் எல்லோருக்கும் தெரியும். 2018-ல் அங்கே 2,402 வீடுகள் கட்டுவதற்கு அனுமதி கிடைத்தது. அதில் பாதி, வருமானம் குறைந்தவர்களுக்கு என்று திட்டம். எதிர்ப்பு, வழக்கு, திட்டத்தில் மாற்றம் என்று வருடக்கணக்கில் அந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. 280 நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் நிறுவனத்தின் தலைமையகமான ஆப்பிள் பார்க், 12,000 பேர் வேலை செய்வதற்கான கட்டடம். வேலை செய்ய இடம் எழும்பிவிட்டது. தூங்குவதற்கான இடம்தான் கோர்ட்டுக்குப் போனது.

இந்த சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 101 நகராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கவுன்சில், எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் தனி மண்டல விதி. அலுவலகம் என்னிடம் வரட்டும், வீடு பக்கத்து ஊரில் கட்டப்படட்டும் என்று 101 பேரும் நினைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே ஆகியிருக்கிறது.

ஒற்றை வீடு தவிர வேறெதுவும் கட்டக்கூடாது என்ற விதி 1916-லேயே பெர்க்லியில் வந்துவிட்டது. சான் ஹோசேயில் குடியிருப்புக்கு ஒதுக்கிய நிலத்தில் 94 சதவீதம் தனி வீட்டுக்கு மட்டும்தான் என்று 2019-ல் ஒரு பத்திரிகை ஆய்வு கணக்கிட்டது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பாட்டிமார் ஆசையாகச் சொன்னதை இவர்கள் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

அப்புறம் 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த ப்ரொபசிஷன் 13 என்ற வரி விதி. அடிப்படைச் சொத்து வரி வீட்டு மதிப்பில் 1 சதவீதம்தான், அந்த மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் புது விலைக்கு மறுமதிப்பீடு. அதனால் ஒரே தெருவில், ஒரே மாதிரி வீட்டில், நாற்பது வருடத்துக்கு முன்பு வாங்கியவர் கட்டும் வரியைப் போலப் பல மடங்கு போன வருடம் வாங்கியவர் கட்டுகிறார். வயதானவர்களை வரி போட்டு விரட்டக்கூடாது என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் பிள்ளைகள் போன பிறகும் பெரிய வீட்டை விட்டு நகர யாருக்கும் மனம் வராது. நகராட்சிக்கும் வீடுகளால் பெரிய வருமானம் இல்லை. விற்பனை வரி தரும் கடை வந்தால்தான் லாபம்.

இப்போது தெருவில் இருப்பவர்களைப் பற்றிப் பேசலாம். 2024 ஜனவரியில் எடுத்த கணக்கில், நாடு முழுவதும் ஏறத்தாழ 7 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு வீடில்லை. அதில் சுமார் 1 லட்சத்து 87 ஆயிரம் பேர் கலிஃபோர்னியாவில் இருந்தார்கள். கலிஃபோர்னியாவில் இருந்த இவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு வீடற்றோர் காப்பகத்தில்கூட இடமில்லை. காரில், டென்ட்டில், பாலத்தடியில்.

இதைச் சொன்னதும் நம் ஆட்கள் இரண்டு பதில் வைத்திருப்பார்கள். ஒன்று, எல்லாம் வெளிமாநிலத்திலிருந்து வெயிலுக்காக வந்தவர்கள். இரண்டு, எல்லாம் போதைப் பழக்கம். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் யு.சி.எஸ்.எஃப். பல்கலைக்கழகம் மாநிலம் முழுவதும் கிட்டத்தட்ட 3,200 பேரிடம் விசாரித்து 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேர் கடைசியாக வீட்டை இழந்தது கலிஃபோர்னியாவிலேயேதான். முக்கால்வாசிப் பேர் வீட்டை இழந்த அதே கவுன்டியில்தான், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, இருக்கிறார்கள். குடும்பமில்லாமல் தனியாக இருக்கும் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. வீட்டை இழப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் விசாரிக்கப்பட்டவர்களின் குடும்ப மாத வருமானம், நடு மதிப்பாக, 960 டாலர், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு. இந்த ஊரில் அந்தப் பணத்துக்கு ஒரு ரூம் கிடைக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்கே வெளியேறக் கிடைத்த அவகாசம் நடு மதிப்பாகப் பத்து நாள். உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஒண்டியிருந்தவர்களுக்கு ஒரே நாள்.

போதை இல்லை என்று நான் சொல்லவில்லை, கண்ணால் பார்க்கிறோம். ஆனால் போதையால் சாவோர் விகிதத்தில் நாட்டிலேயே முன்னணியில் நிற்கும் மேற்கு வர்ஜீனியாவில் வீடற்றவர் விகிதம் இங்கே இருப்பதைவிட மிகக் குறைவு. அங்கே வறுமை உண்டு, போதை உண்டு, வாடகையும் கைக்கு எட்டும். பொங்கலுக்கு முந்தின நாள் எழும்பூரில் நெல்லைக்கு வண்டி ஏற வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இடம் கிடைக்காமல் பிளாட்பாரத்தில் நிற்பவர் வயதானவராக இருப்பார், தள்ளாடுபவராக இருப்பார், தட்கலுக்குக் காசு இல்லாதவராக இருப்பார். நின்றது ஏன் அவர் என்பதற்கு அது காரணம். இத்தனை பேர் நிற்பதற்குக் காரணம் பெட்டிகள் போதாததுதான்.

கூடாரங்களைக் கலைப்பது பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. 2014 டிசம்பரில் சான் ஹோசேயில் கொயோட்டி ஓடைக் கரையில் 'ஜங்கிள்' என்ற பெரிய முகாமைக் காலி செய்தார்கள். பலர் ஓடையின் வேறு கரைக்குப் போனார்கள். 2024-ல் பொது இடத்தில் தூங்குவதற்குத் தண்டனை தருவது அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அடுத்த மாதமே ஆளுநர் நியூசம் முகாம்களை அகற்ற உத்தரவிட்டார். அபராதச் சீட்டு கொடுத்தால் அதை வைத்து யாரும் வாடகை கட்டப்போவதில்லை.

நம் சான்டா கிளாரா கவுன்டியே வேறொன்றைச் செய்து பார்த்திருக்கிறது. வாடகை பாக்கியால் வீட்டை இழக்கும் நிலையில் இருந்தவர்களுக்குச் சராசரியாக 2,000 டாலர் அளவுக்கு அவசர உதவி கொடுத்தார்கள். நோட்டர்டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் ஆறு மாதத்துக்குள் வீட்டை இழக்கும் வாய்ப்பு 81 சதவீதம் குறைந்திருந்தது. கார் ரிப்பேருக்கு நாம் கொடுக்கும் பணம் இது.

ஆனால் உதவித்தொகை மட்டும் போதாது, வீடு வேண்டும். 2023-லிருந்து 2031-க்குள் இந்தப் பகுதி 4,41,176 வீடுகளுக்குத் திட்டமிட வேண்டும் என்பது மாநிலம் விதித்த கணக்கு. திட்டத்தை எழுதுவது நகராட்சி. அதைக் கவுன்சில் கூட்டத்தில் தடுப்பது யார்? கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன்: நம்மவர்களும்தான். ஸ்கூல் ரேட்டிங் போய்விடும், டிராஃபிக் கூடிவிடும் என்று மைக்கைப் பிடிக்கிறார்கள். நம் கடையில் பில் போடும் அம்மா தொலைவில் இருக்கும் ட்ரேசி ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து போவதும் டிராஃபிக்தான்.

முன்வரிசையில் ஒரு நண்பர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "நிறைய வீடு கட்டினால் என் வீட்டு விலை இறங்காதா?" இறங்கலாம். அல்லது ஏறும் வேகம் குறையலாம். அதற்காகத்தான் கட்டச் சொல்கிறோம், வேறெதற்கு? இருபது லட்சம் டாலர் வீட்டை இருபத்தைந்து லட்சமாக்கிக் கொடுப்பது நகராட்சியின் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொருவர், "நான் வாடகைக்கு இருக்கிறேன், விசாவில் இருக்கிறேன், நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டிருக்கிறார். ஓட்டுப் போட முடியாது. பேசலாம். கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரம் யாருக்கும் திறந்தது. குடியுரிமை கேட்க மாட்டார்கள், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். உங்கள் வாடகை எவ்வளவு என்று சொல்லவே அது போதும்.