1963–65 பியூக் ரிவியரா வாங்கப் போறீங்களா? பானெட்டை விடுங்க, முதல்ல டிக்கியைத் திறங்க!

[காட்சி: ஓடுதளத்துல கருப்பு விமானம். பக்கத்துல சக்கரம் வச்ச ஒரு பெட்டி, காதைக் கிழிக்கிற உறுமல்]

எஸ்ஆர்-71 பிளாக்பேர்ட். மணிக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல பறந்த உளவு விமானம். இதை எது ஸ்டார்ட் பண்ணுச்சுன்னு தெரியுமா? ரெண்டு பியூக் கார் எஞ்சின்! அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு வி8 எஞ்சினைச் சேர்த்து மாட்டியிருப்பாங்க. ரெண்டும் சேர்ந்து அந்த ஜெட் எஞ்சினை நிமிஷத்துக்கு சுமார் 3,200 சுத்து வரைக்கும் சுழற்றி விடணும். அதுக்கப்புறம்தான் ஜெட்டைப் பத்த வைக்க முடியும்.

அதே குடும்பத்து எஞ்சின்தான் முதல் தலைமுறை ரிவியராவுக்குள்ள இருக்கு. அதனாலயே பார்க்கப் போறவங்க எல்லாரும் நேரா பானெட்டைத் திறந்து வாயைப் பிளந்துட்டு நிக்கிறாங்க. இந்த வண்டியில உங்க காசைத் தின்னப் போறது எஞ்சின் இல்லைங்க. துரு.

[தலைப்பு அட்டை]

வரலாறு வேகமா சொல்லிடறேன், ஸ்கிப் பண்ணிடாதீங்க. 1958-ல ஃபோர்டு தண்டர்பேர்டை நாலு சீட்டாக்கி சொகுசா விட்டுச்சு, வித்துத் தள்ளுச்சு. பியூக், கேடிலாக் ரெண்டையும் வச்சிருக்கிற ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கிட்ட பதில் இல்லை. டிசைன் தலைவர் பில் மிட்சல் வரையச் சொன்ன காரை கேடிலாக் வேண்டாம்னுச்சு, பியூக் போராடி வாங்கிக்கிச்சு. 1963-ல விலை 4,333 டாலர். அந்த வருஷம் வேணும்னே 40,000 வண்டியோட நிறுத்திக்கிட்டாங்க. அவ்வளவுதான் வரலாறு.

இப்ப எந்த வருஷம் வாங்கலாம்? மூணும் தூரத்துல இருந்து ஒரே மாதிரி தெரியும். ஓட்டிப் பார்த்தா மூணும் மூணு வண்டி.

1963-ல கியர்பாக்ஸ் டைனாஃப்ளோங்கிற ஆட்டோமேட்டிக். டி-ல போட்டா கியரே மாறாது. எண்ணெய் வழியா எஞ்சின் சக்தியைக் கடத்தற டார்க் கன்வெர்ட்டர் ஒண்ணே சறுக்கிச் சறுக்கி வேகத்தை ஏத்தும். எஞ்சின் முதல்ல கத்தும், வண்டி பின்னாடி மெதுவா வந்து சேரும். இதை ஓட்டிட்டு "கியர்பாக்ஸ் போச்சு"ன்னு பேரம் பேசாதீங்க, விக்கிறவர் சிரிப்பார். அது அப்படித்தான். பிரச்சினை எங்கேன்னா, இதைப் பிரிச்சுச் சரி பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் இன்னைக்கு ரொம்பக் குறைவு.

1964-ல சூப்பர் டர்பைன் 400 வந்துச்சு. மூணு கியர், கெட்டியான பெட்டி. 425 கன அங்குல எஞ்சினும் அந்த வருஷம் சாதாரணமாவே வந்துடும், 340 குதிரைசக்தி. 1965-ல சின்ன 401 கன அங்குலம் திரும்ப அடிப்படை எஞ்சின் ஆயிடுச்சு, 425-க்குத் தனியா காசு கட்டணும். ஆனா 1965-ல கியர்பாக்ஸுக்குள்ள ஸ்விட்ச்-பிட்ச் கன்வெர்ட்டர் உண்டு. உள்ளே இருக்கிற இறக்கைங்க கோணத்தை மாத்திக்கும், கிளம்பும்போது நல்ல இழுவை கிடைக்கும். கார்புரேட்டர் பக்கத்துல அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். நிறைய வண்டியில ஒயர் பிடுங்கித் தொங்கிட்டிருக்கும், பாருங்க.

இன்னொண்ணு: இந்த எஞ்சினோட பின்பக்க போல்ட் அமைப்பு வேற எதுக்கும் பொருந்தாது. "கியர்பாக்ஸ் போனா ஒரு செவர்லே 400 பெட்டி வாங்கி மாட்டிக்கலாம்"னு யாராவது சொன்னா, அடாப்டர் பிளேட் இல்லாம நடக்காது. பழைய பெட்டி வண்டியோடவே இருக்கணும்.

என் ஓட்டு 1964-க்கு. 65 ஆளுங்க சண்டைக்கு வருவீங்க, வாங்க, கமெண்ட் பாக்ஸ் திறந்துதான் இருக்கு.

[காட்சி: டிக்கி திறக்குது. டார்ச் வெளிச்சம் மேல்நோக்கி]

சரி, துரு. இங்கதான் நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா இங்கதான் பணம் போகுது.

பின்கண்ணாடியைச் சுத்தி பளபளன்னு ஒரு ஸ்டெயின்லெஸ் பட்டை இருக்கும். அதுக்கடியில தண்ணி தேங்கும். அறுபது வருஷமா தேங்கியிருக்கு. கண்ணாடி உட்கார்ற பள்ளம் அரிச்சுப் போய், தண்ணி நேரா டிக்கிக்குள்ள சொட்டும். டிக்கித் தரை, ஸ்டெப்னி குழி, பின் ஃபெண்டரோட அடிப்பகுதி, இந்த வரிசையில போகும். வெளியே பெயிண்ட் புதுசா மின்னிட்டிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். டிக்கி மேட்டையும் ஸ்டெப்னியையும் வெளியே எடுங்க. தலையை உள்ளே விட்டு, டார்ச்சை மேல அடிங்க. பின் சீட்டுக்கு மேல இருக்கிற தட்டோட அடிப்பக்கம், கண்ணாடியோட கீழ் விளிம்பு சேருற இடம். பழுப்புக் கோடு வழிஞ்சிருந்தா ஒழுகியிருக்கு. புதுசா கருப்பு அண்டர்கோட்டிங் அடிச்சிருந்தா இன்னும் மோசம், எதையோ மறைச்சிருக்காங்க. சந்தேகம் தீரலையா? டிக்கித் தரை முழுக்க நியூஸ்பேப்பர் விரிங்க, மூடுங்க, விக்கிறவர்கிட்ட கேட்டு பின்கண்ணாடி மேல அஞ்சு நிமிஷம் ஹோஸ்ல தண்ணி விடுங்க. திறந்து பாருங்க. பேப்பர் பொய் சொல்லாது.

அடுத்து அடிப்பாகம். ரிவியராவோட ஃப்ரேம் எக்ஸ் வடிவம். ரெண்டு பக்கமும் நீளமா வர்ற சட்டம் இதுல கிடையாது. நடுவுல ஒண்ணாச் சேர்ந்து, முன்னும் பின்னும் கையை விரிச்சிருக்கும். பக்கவாட்டுல இடிச்சா தாங்க அங்கே ஃப்ரேம் இல்லைங்கிறதையும் மனசுல வச்சுக்கங்க. பின்கைகள் ஆக்சில் பக்கம் மேல வளையற இடத்துல, சஸ்பென்ஷன் ஆர்ம் வந்து சேருற இடத்துல சேறு அடைஞ்சு உள்ளிருந்து அரிக்கும். வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. டங்குன்னு கேட்டா நல்லது. பொத்துன்னு கேட்டா, இல்ல செதில் செதிலா உதிர்ந்தா, சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுங்க. இதுக்கு ஒட்டு வேலை பார்க்கிற செலவுல பாதி கார் வாங்கலாம்.

உடம்புக்கு ஃப்ரிட்ஜ் காந்தம் போதும். மெல்லிசா ஒரு துணி சுத்திக்கங்க, பெயிண்ட் கீறாது. முன்சக்கரத்துக்குப் பின்னாடி ஃபெண்டரோட அடி, கதவோட அடி, பின்சக்கரத்துக்குப் பின்னாடி. ஒட்டாத இடத்துல எல்லாம் உள்ளே பட்டி.

மிச்சிகன், ஒஹாயோ, டொரொன்டோ பக்கம் இருக்கிறவங்க உள்ளூர்ல தேடாதீங்க. அங்க ரோட்டுல கொட்டுற உப்பு இந்த வண்டிக்கு விஷம். அரிசோனா, கலிஃபோர்னியா வண்டின்னா தகரம் நல்லா இருக்கும். பதிலுக்கு வெயில்ல டேஷ்போர்டு வெடிச்சு ரப்பர் எல்லாம் அப்பளமாயிருக்கும். ரப்பர் வாங்கலாம். தகரம் வாங்கறதுதான் கஷ்டம். மஸ்டாங்குக்குக் கிடைக்கிற மாதிரி புதுசா அடிச்ச பேனல் எல்லாம் இதுக்கு வரிசையா கிடைக்காது.

[காட்சி: இப்பத்தான் பானெட் திறக்குது]

எஞ்சின். நெயில்ஹெட்னு பேரு. வால்வு சின்னது, ஆணி மாதிரி நெட்டுக்குத்தா நிக்கும். அதனால கீழ் ஆர்பிஎம்-லயே முறுக்கு: 425-க்கு 465 பவுண்டு-அடி, அதுவும் 2,800 ஆர்பிஎம்-ல!

விக்கிறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல கை வைங்க. சூடா இருந்தா ஏன்னு கேளுங்க. எஞ்சின் ரூமைக் கழுவித் துடைச்சு வச்சிருப்பாங்க, பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்கு வீட்டைப் பெருக்கின மாதிரி. ஓட்டி முடிச்சு அரைமணி கழிச்சு கீழே அட்டை போட்டுப் பாருங்க. பின்பக்க மெயின் சீல் கயிறு வகை, கொஞ்சம் சொட்டும். சொட்டுக்குப் பயப்படாதீங்க, ஓடினா பயப்படுங்க.

நிஜமான ஆபத்து டைமிங் கியர், அதாவது கிராங்கையும் வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்டையும் செயினால இணைக்கிற பல்சக்கரம். கேம் பக்கத்துப் பல்லுக்கு நைலான் பூசியிருப்பாங்க. வயசாகி உடைஞ்சு எண்ணெய்க்குள்ள விழுந்து, பம்ப்போட வலையை அடைக்கும். எஞ்சினைப் பிரிக்காமயே பார்க்கலாம்: எஞ்சினை நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் எடுத்துடுங்க. முன்னாடி கிராங்க் போல்ட்டுல சாக்கெட் போட்டு ஒரு பக்கம் மெதுவா திருப்புங்க. ரோட்டர் அசைஞ்சதும் நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்புங்க. ரோட்டர் திரும்ப அசையறதுக்குள்ள கிராங்க் எட்டு, பத்து டிகிரி போயிடுச்சுன்னா செயின் தளர்ந்திருக்கு. அந்தச் செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் குறையுது, கீழே ஒழுகலே காணோம், பின்னாடி வெள்ளைப் புகைன்னா பதறாதீங்க. 64, 65 பெட்டியில வாக்குவம் மாடுலேட்டர்னு சின்ன டப்பா இருக்கு. அதோட ஹோஸைப் பிடுங்கினா உள்ளே சிவப்பு எண்ணெய் ஈரம் இருக்கும். டயஃப்ரம் கிழிஞ்சு எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்குது. மலிவான பொருள்தான்.

கூடுதல் சக்தி ரகமான 1965 கிரான் ஸ்போர்ட்னு சொல்லி விலை ஏத்துவாங்க. மொத்தமே 3,354 தான் செஞ்சாங்க. ரெண்டு நாலு-பேரல் கார்புரேட்டர், 360 குதிரைசக்தி. சேஸிஸ் நம்பர் 49447-ல தான் ஆரம்பிக்கும், சாதா ரிவியராவுக்கும் அதேதான். அதனால நம்பரை மட்டும் வச்சு நம்பாதீங்க. எஞ்சின் பிளாக்கோட முன்னாடி எல்எக்ஸ்னு குத்தியிருக்கணும். பேட்ஜ் யார் வேணா ஒட்டலாம். சேஸிஸ் நம்பர் தகட்டை முன்கண்ணாடிக்கடியில தேடாதீங்க, அது டிரைவர் கதவோட கீல் பக்கத் தூண்ல இருக்கும். டைட்டில் (உரிமைப் பத்திரம்) காகிதத்தோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க.

பிரேக். முன்னாடி 12 அங்குல அலுமினிய டிரம், சுத்தி பட்டை பட்டையா சூடு தணிக்கிற விளிம்பு. அந்தக் காலத்து டிரம்ல இது உசத்தி. ஆனா மாஸ்டர் சிலிண்டர் ஒத்தை அறை. ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கரமும் போச்சு, பெடல் தரைக்குப் போயிடும். வாங்கின முதல் வாரமே ரெட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் மூணு புது ரப்பர் ஹோஸும் மாட்டிடுங்க. ஒரிஜினாலிட்டி பேசறவங்க பேசட்டும்.

ஏசி ஓடலைன்னா ஆர்-12 வாயு பழங்கதை, ஆர்-134ஏ-வுக்கு மாத்தணும். டயர்ல நாலு இலக்கத் தேதி பாருங்க, பத்து வருஷம் தாண்டினா தேயாம இருந்தாலும் குப்பை.

[காட்சி: இருட்டு. ஃபெண்டர் நுனி ரெண்டும் மெல்லத் திறக்குது]

என் செல்லம் இதுதான்! 1965-ல மட்டும் ஹெட்லைட் ஃபெண்டர் நுனிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். சுவிட்சைப் போட்டா மேல் பாதி மேலே, கீழ் பாதி கீழே, சிப்பி திறக்கிற மாதிரி பிளந்து, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு விளக்கு. மூணு தடவை திறந்து மூடச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா போகணும், பாதியில நிக்கக் கூடாது. நின்னா பெரும்பாலும் ரிலே, லிமிட் சுவிட்ச், இல்ல கிரீஸ் காய்ஞ்ச இணைப்புகள். "எப்பவும் திறந்தே வச்சிருக்கேன், அதான் ஸ்டைல்"னு சொன்னா மோட்டார் செத்துப் போச்சுன்னு அர்த்தம். உதிரி தேடி அலையணும், வேற எந்த வருஷத்துதும் சேராது.

அப்புறம் உள்ளே ஏறினா கதவைப் பாருங்க. ஒரே கதவுல ரெண்டு கைப்பிடி! பின்சீட்டுல இருக்கிறவர் முன்னாடி இருக்கிறவர்கிட்ட கெஞ்சாம தானே திறந்துக்கலாம். ரெண்டும் வேலை செய்யுதான்னு பின்னாடி உட்கார்ந்து சோதிங்க.

கடைசியா, பேரம் பேசறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் பேனா எடுத்து வண்டியை ஒரு சுத்து சுத்துங்க. இல்லாத குரோம் துண்டு, பள்ளம் விழுந்த பட்டை, உடைஞ்ச டெயில் லைட் கண்ணாடி, எல்லாத்தையும் எழுதுங்க. 64-ல டெயில் லைட் ஃபெண்டர் பக்கம், 65-ல பம்பருக்குள்ள. ஒண்ணோட பாகம் இன்னொண்ணுக்கு ஆகாது. ரிவியரா ஓனர்ஸ் அசோசியேஷன் உறுப்பினர்கள்கிட்ட ஒவ்வொண்ணுக்கும் விலை விசாரிங்க. குரோம் முலாம் போட கடைக்குப் போனா பம்பர் ஒண்ணுக்கே ஆயிரம் டாலர் தாண்டிடும். அந்தக் கூட்டுத்தொகையைக் கையில வச்சுக்கிட்டு அப்புறம் பேச்சை ஆரம்பிங்க.