சோறு எங்கே, தண்ணீர் எங்கே, படுக்கை எங்கே

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன் நான். பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி நூறு மீட்டரைப் பற்றியது இல்லை. "சார், ஒரு ஆள் தனியா ஒரு நாட்டையே ஓடிக் கடக்க முடியுமா?" என்றுதான் கேட்பார்கள். 'ஃபாரஸ்ட் கம்ப்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். 1994-இல் வந்த படம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் திடீரென்று எழுந்து ஓடத் தொடங்குகிறார். ஊர் எல்லை, மாநில எல்லை, அப்புறம் கடல். கடலைப் பார்த்ததும் திரும்பி மறு கடலுக்கு. இப்படி மூன்று வருடம், இரண்டு மாதம், பதினான்கு நாள்.

எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அதில் ஒரு இடத்தில் என் மனம் நின்றுவிடும். பசித்தபோது சாப்பிட்டேன், களைத்தபோது தூங்கினேன் என்று அவர் ஒரே மூச்சில் சொல்லித் தாண்டிவிடுவார். எங்கே சாப்பிட்டார்? யார் போட்டார்கள்? எந்த வாசலில் படுத்தார்? நீண்ட தூரம் ஓடுகிறவனுக்கு நாள் முழுக்க மனதில் ஓடுவது இதுதான். சோறு எங்கே, தண்ணீர் எங்கே, படுக்கை எங்கே.

நம் இளங்கோவடிகள் இதைத் தாண்டிப் போகவில்லை. சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதை என்றே ஒரு பகுதி. பூம்புகாரை விட்டுக் கிளம்பிய கண்ணகிக்கு ஒரு காவதத்திலேயே, அதாவது ஒரு காத தூரத்திலேயே, கால் நோகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம் என்பதைக் கோவலன் 'ஆறைந்து காதம்' என்று சொல்கிறான். கேட்கிறவளுக்குக் கொஞ்சம் சின்னதாகத் தோன்றட்டும் என்று நினைத்தானோ என்னவோ. கூட வருகிற கவுந்தியடிகள் வழியைப் பற்றி எச்சரிக்கிறார். தோப்பு வழியில் போனால் கிழங்கு தோண்டிய குழியைப் பூ மூடியிருக்கும். வயல் வழியில் போனால் நண்டும் நத்தையும் காலில் மிதிபடும். வரப்பில் ஓடிப் பழகியவர்களுக்கு இது கதையாகவே தோன்றாது.

அந்த வழியை நான் எதிர்த்திசையில் ஓடியிருக்கிறேன். நாடு என்றால் நம் முன்னோருக்குச் சோழநாடு. அதைக் கடந்து பார்க்கலாம் என்று நாற்பத்திரண்டாவது வயதில், ஒரு தை மாதம், கல்லணையில் தொடங்கினேன். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, அப்புறம் பூம்புகார். எங்குமே மேடு கிடையாது. ஆனால் சமதரையில் ஓடும்போது காலின் ஒரே இடம் திரும்பத் திரும்ப உரசும். மூன்றாம் நாள் குத்தாலம் தாண்டியதும் குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது.

வயலில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் கரையேறிச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் கூப்பிட்டார்.

"எங்கேருந்துப்பா வர்றே?"

"கல்லணையிலேருந்தும்மா."

"ஓடியா?"

"ஆமாம்மா."

ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. தூக்குவாளியிலிருந்து நீராகாரத்தைச் சாய்த்து, ஒரு கல் உப்பைப் போட்டு, சின்ன வெங்காயம் இரண்டை உரித்துக் கையில் கொடுத்தார். தன் தலைத்துண்டின் ஓரத்தைக் கிழித்துக் குதிகாலில் கட்டிவிட்டார். "உக்காந்து குடி, அப்புறம் ஓடு" என்றார். உப்பு போட்டதைக் கவனித்தீர்களா? மணிக்கணக்கில் ஓடுகிறவன் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயங்கி விழுவான். ஓட்டப் பயிற்சியில் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுப்போம். அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

தனியாக ஓடினேன் என்று அதன்பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

நம் டெல்டாவுக்கு இது பழக்கம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக நடைபயணம் கிளம்பினார். பதினைந்து நாள் நடை. இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று யாரைப் போய்ப் பிடிப்பது? நான் ஓடிய பாதை வேறு. ஆனாலும் சாலையோரப் புளியமரத்தைக் கடக்கும்போதெல்லாம் கிளையை நிமிர்ந்து பார்ப்பேன்.

சரி, கனடாவுக்கு வருவோம். டெரி ஃபாக்ஸ். புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போது வயது பதினெட்டு. 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுக் கிளம்பினார். மறு கரையில் பசிபிக்கில் ஊற்ற ஒரு பாட்டிலில் கடல்நீரும் எடுத்துக்கொண்டார். நல்ல காலால் இரண்டு தத்து, செயற்கைக் காலால் ஓர் எட்டு. நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான். அதாவது 42 கிலோமீட்டர். இங்கே வைத்துச் சொன்னால், தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய், அதற்குமேலும் கொஞ்சம். இதைத் தினமும். கூடவே ஒரு வேன். அதை ஓட்டியவர் நண்பர் டக் ஆல்வர்ட். சோறும் தண்ணீரும் படுக்கையும் அந்த வேனில்தான்.

143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியிருந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம், இருபத்திரண்டு வயதில், இறந்துபோனார். ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கள் என்று நாட்டு மக்களிடம் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கேட்டிருந்தார். நாட்டில் எத்தனை பேரோ அத்தனை டாலர், 2 கோடியே 40 லட்சத்துக்கு மேல், அவர் உயிரோடு இருக்கும்போதே சேர்ந்துவிட்டது. பசிபிக்கை அவர் தொடவில்லை. ஆனாலும் ஒரு நாட்டைக் கடந்தவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால் நான் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான்.

அந்தப் படத்து ஓட்டத்தை நிஜமாகவே ஓடிப் பார்த்தவரும் உண்டு. லிவர்பூலைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ராப் போப். 2016-இல் தொடங்கி 2018-இல் முடித்தார். அமெரிக்காவை ஐந்து முறை கடந்தார். சுமார் 25,000 கிலோமீட்டர். இவரைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது.

ரோஸி ஸ்வேல் போப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேல்ஸ் நாட்டிலிருந்து 2003-இல், தன் ஐம்பத்தேழாவது பிறந்த நாளன்று கிளம்பினார். கணவர் புற்றுநோயில் இறந்துபோன துக்கம். சின்ன வண்டி ஒன்றை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு, இரவில் அதற்குள்ளேயே படுத்துக்கொண்டு, சைபீரியாவின் பனிக்காலத்தையும் தாண்டி, உலகையே சுற்றி 2008-இல் வீடு திரும்பினார். படுக்கையைக் கையோடு கொண்டுபோனவர் அவர்.

கடைசியாக, ஓடத் தொடங்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. கொப்புளம் வந்தால் தோலைப் பிய்த்து எறியாதீர்கள். அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி. சுத்தமான துணியால் கட்டிவிட்டு, உப்பு போட்ட நீராகாரத்தைக் குடித்துவிட்டு உட்காருங்கள். வணக்கம்.