ஊசி போட்டவரைக் கண்டால் உறுமும் நாய்

நேயர்களுக்கு வணக்கம்.

வளர்ப்புப் பிராணிகளுக்கு நன்றி உணர்ச்சி உண்டா என்று பேச வேண்டும் எனக் கேட்டு நிலையத்திலிருந்து அழைத்த தம்பி, பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: "நாய்க்கு இருக்கிற நன்றி மனுஷனுக்கு ஏது சார்!" இந்த வசனத்தை வாரத்துக்கு நாலு பேராவது என் மேசைக்கு முன்னால் நின்று சொல்கிறார்கள். பெரும்பாலும் மகன் மீதோ கூடப்பிறந்தவர் மீதோ கோபத்தில் இருப்பவர்கள். நான் வாயைத் திறப்பதில்லை. இன்றைக்குத் திறக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

மதுரைப் பக்கம் பல வருஷமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். ஒரு நாள் நாலு மாதக் குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். செவலை நிறம், நாட்டு நாய். ரத்தமாகப் போகிறது, வாந்தி நிற்கவில்லை. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். பிறந்த ஆறேழு வாரத்தில் போட்டிருக்க வேண்டிய முதல் தடுப்பூசியைக்கூடப் போடவில்லை. 'அடுத்த மாசம் போட்டுக்கலாம்' என்று தள்ளியிருக்கிறார் வீட்டுக்காரர். அஞ்சு நாள் டிரிப். நரம்பு கிடைக்காமல் இரண்டு முன்னங்கால்களிலும் மாற்றி மாற்றி ஊசி. நாலாம் நாள் ராத்திரி என் விரலில் தொட்டு வைத்த குளுக்கோஸ் தண்ணீரை நக்கியது. அன்றைக்கு நானும் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன்.

ஆறாம் நாள் எழுந்து நின்றது. என்னைப் பார்த்ததும் வாலைக் கவட்டுக்குள் சொருகிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உறுமியது. வாசலில் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டதோ இல்லையோ, தட்டுத் தடுமாறி ஓடிப்போய் அவர் காலைச் சுற்றி ஒன்றுக்குப் போய்விட்டது. ஊசி போடாமல் சாகவிடப் பார்த்தவருக்கு அத்தனை கொண்டாட்டம். காப்பாற்றியவனுக்கு உறுமல்!

குட்டியைக் குறை சொல்லவில்லை. நன்றி என்பது லேசான விஷயமில்லை. இவர் இதைச் செய்திருக்க வேண்டியதே இல்லை, எனக்காகச் செய்தார், அதில் அவருக்குக் கஷ்டம், நான் திருப்பிச் செய்ய வேண்டும் என்று நாலு கணக்கைச் சேர்த்துப் போட வேண்டும். குட்டி போட்ட கணக்கு வேறு. ஸ்பிரிட் வாசனை வந்தால் வலி வரும். இந்தச் செருப்புச் சத்தம் வந்தால் வீடு வரும். அவ்வளவுதான்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2021-இல் வியன்னா ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஓர் ஆள் பொத்தானை அழுத்தினால் நாய்க்குத் தீனி விழும். இன்னோர் ஆள் அழுத்தாமல் உட்கார்ந்திருப்பார். அப்புறம் பொத்தான் நாயின் பக்கம். அது அழுத்தினால் மனிதருக்குத் தின்பண்டம் விழும். கொடுத்தவருக்கு ஒரு மாதிரி, கொடுக்காதவருக்கு ஒரு மாதிரி என்று நாய்கள் வித்தியாசம் காட்டவே இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தார் ராணுவ நாய்களை வைத்துச் செய்த சோதனையில், இன்னொரு நாயின் உதவியால் தீனி கிடைத்த நாய் மற்ற நாய்களுக்கு உதவியது. ஆக, நாய்க்குக் கைம்மாறு தெரியாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நம்மிடம் அது அந்த வரவு செலவு வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவே. சோறு நம் கையிலிருந்துதான் வரும் என்பது அதற்குச் சூரியன் உதிப்பது மாதிரி. சூரியனுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? சரி, பொங்கலன்று நாம் சொல்கிறோம்.

அப்படியானால் நம்மைக் கண்டு துள்ளுவதும் நக்குவதும் வெறும் தீனிக்கா? அதுவும் இல்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நாய்களை மயக்க மருந்து கொடுக்காமலே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கியிருக்கிறார்கள். அங்கே சோதித்த 15 நாய்களில் 13-க்கு, வளர்ப்பவரின் பாராட்டை எதிர்பார்க்கும்போது மூளையில் ஏற்பட்ட கிளர்ச்சி, தீனிக்கு ஏற்பட்டதற்குக் குறையவில்லை. 2015-இல் ஜப்பானில் கண்டது இன்னும் நெருக்கமானது. நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே சுரக்கும் அதே சுரப்பு. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது நடக்கவில்லை.

நாலடியாரில் ஒரு வெண்பா உண்டு. யானை பழகிய பாகனையே கொல்லும். நாயோ, எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே வால் குழைக்கும். ஆகவே நாய் போன்றவர்களோடு உறவு கொள் என்கிறது. யானை பாவம், மதம் பிடித்தால் அதன் உடம்பே அதன் வசத்தில் இருக்காது. அதை விடுங்கள். வேல் எறிந்தவனுக்கு நாய் எதற்கு நன்றி சொல்லப் போகிறது? அந்தப் பாட்டில் நன்றி என்ற சொல்லே கிடையாது. 'கேண்மை', அதாவது நட்பு என்றுதான் இருக்கிறது. பாடியவர் நாயைச் சரியாகப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

நன்றியோ கேண்மையோ, பெயரில் என்ன என்று கேட்கலாம். என் மேசைக்கு வந்து பாருங்கள். கழுத்துப்பட்டைக்கு அடியில் புழு வைத்த புண்ணோடு ஒரு நாய் வரும். "வாலை ஆட்டிக்கிட்டுத்தானே சார் இருந்துச்சு, நல்லா இருக்குன்னு நெனச்சோம்" என்பார்கள். வலியிலும் ஆட்டும், வேலோடும் ஆட்டும் என்று பாட்டே சொல்கிறதே. இன்னொருவர் கையில் கட்டோடு நாயை இழுத்து வருவார். "பத்து வருஷம் சோறு போட்டேன், நன்றி கெட்ட நாய், கடிச்சிருச்சு, எங்கயாச்சும் விட்டுட்டு வந்துடலாம்னு இருக்கேன்." காதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கும். இவர் அந்தக் காதைத்தான் ஆசையாகப் பிடித்திருப்பார். நன்றியுள்ள பிராணி என்று தூக்கிவைத்த வாய்தான் இதையும் சொல்கிறது.

பூனை வளர்ப்பவர்கள் இதில் விவரமானவர்கள். எதையும் எதிர்பார்ப்பதில்லை. அது கண்ணைப் பாதி மூடி மெல்லத் திறந்தால் போதும், அன்றைய கூலி கிடைத்துவிட்டது. நீங்களும் அப்படியே மெல்லக் கண்சிமிட்டிப் பாருங்கள். பல பூனைகள் பதிலுக்குச் சிமிட்டும். இதையும் இங்கிலாந்தில் 2020-இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் செவலைக் குட்டிக்கு இப்போது ஏழு வயது. வருஷா வருஷம் தடுப்பூசிக்குத் தவறாமல் வருகிறது; வீட்டுக்காரர் திருந்திவிட்டார். நாய்தான் கேட் அருகே உட்கார்ந்தால் எழுந்திருக்காது, தூக்கித்தான் வர வேண்டும். போன முறை ஊசி போட்டு முடித்ததும் அவர் அதன் முன்னங்காலைப் பிடித்து என் பக்கம் நீட்டி, "உசுரக் காப்பாத்துன டாக்டர்டா, தேங்க்ஸ் சொல்லு" என்றார். அது அவருடைய அக்குளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அங்கிருந்தபடியே என்னைப் பார்த்து உறுமியது.

வணக்கம்.