சிரிக்கவே சிரிக்காத சிரிப்பு நடிகர்

நண்பர்களே, வணக்கம். அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர் என்றதும் நம் எல்லோருக்கும் கருப்புக் கண்ணாடியும் துப்பாக்கியும்தான் கண்ணில் வரும். நான் இன்று பேச வந்தது அவருடைய நகைச்சுவைப் படங்களைப் பற்றி. அவை ஏதோ பொழுதுபோகாமல் செய்த படங்கள் என்று விமர்சகர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

1984இல் ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய ‘டெர்மினேட்டர்’ சிறிய செலவில் எடுத்த படம். அதில் கொலைகார இயந்திரமாக வரும் அர்னால்டுக்கு வசனம் மிகக் குறைவு. உடம்பும் உறைந்த முகமும் போதுமானதாக இருந்தன. அதன்பின் ‘கமாண்டோ’, ‘பிரிடேட்டர்’ என்று ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர், 1988இல் இயக்குநர் ஐவன் ரைட்மேனின் ‘ட்வின்ஸ்’ படத்துக்கு வந்தார். இந்த ஆளை வைத்து நகைச்சுவையா என்று ஸ்டூடியோக்கள் தயங்கின. சரி, சம்பளமே வேண்டாம், லாபத்தில் பங்கு கொடுங்கள் என்று ரைட்மேன், உடன் நடித்த டேனி டிவிட்டோ, அர்னால்டு மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். படம் உலகம் முழுக்க 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தனக்கு அதிகப் பணம் தந்த படம் அதுதான் என்று அர்னால்டே சொல்லியிருக்கிறார்.

அந்தப் படத்தில் அவர் செய்தது என்ன? முகத்தைக் கோணவில்லை. குரலை மாற்றவில்லை. ஒரு தீவில் புத்தகங்களோடு வளர்ந்து, உலகம் தெரியாமல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து இறங்கும் ஜூலியஸை அவ்வளவு நேர்மையாக நடித்தார். தெருவில் இன்னொரு அதிரடி நாயகன் ஸ்டலோனின் ராம்போ பட போஸ்டரைப் பார்க்கிறார். தன் கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்பதுபோல் கையசைத்துவிட்டுப் போகிறார். அரங்கம் சிரிக்கும். ஜூலியஸுக்கு அது வேடிக்கையே இல்லை.

1990இல் ‘கிண்டர்கார்டன் காப்’. முரட்டுப் போலீஸ்காரர் மழலையர் வகுப்பில் மாட்டிக்கொள்கிறார். கத்தி அடக்கப் பார்க்கிறார். குழந்தைகள் அழத் தொடங்குகின்றன. அந்த உடம்புக்கு அங்கே எந்த உபயோகமும் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அடுத்த வருடமே, 1991இல், ‘டெர்மினேட்டர் 2’ வருகிறது. அதே இயந்திரம், ஆனால் இந்த முறை ஒரு சிறுவனின் பாதுகாவலன். யாரையும் கொல்லக் கூடாது என்று பையன் சத்தியம் வாங்குகிறான். இயந்திரம் கையை உயர்த்திச் சத்தியம் செய்கிறது, வாயிற்காவலரின் கால்களில் சுடுகிறது, “உயிரோடு இருப்பான்” என்கிறது. அந்த முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. உலகம் தெரியாத ஜூலியஸை நான் அங்கே பார்க்கிறேன். குழந்தைகள் முன்னால் திணறிய போலீஸ்காரரையும் பார்க்கிறேன். முதல் படத்தின் அர்னால்டால் இந்தக் காட்சியைச் செய்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. 50 கோடி டாலர் தாண்டிய அந்தப் படத்தின் உயிர், வெடிகுண்டுகளுக்குச் சமமாக இந்த இடங்களிலும் இருக்கிறது.

இதற்கு மாறான உதாரணம் 1993இன் ‘லாஸ்ட் ஆக்ஷன் ஹீரோ’. ‘ஜுராசிக் பார்க்’ வந்த அடுத்த வாரமே வெளியாகி அடிவாங்கியது. அதை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு: அங்கே அவர் தன்னைத்தானே கேலி செய்கிறார், கேலி என்று அவருக்கே தெரியும். தெரிந்ததும் அந்த வெகுளித்தனம் போய்விடுகிறது.

1994இல் இரண்டு படங்கள். ‘ட்ரூ லைஸ்’ பெரும் வெற்றி. அதிகம் சொல்லத் தேவையில்லை. அப்புறம் ‘ஜூனியர்’: கர்ப்பமாகும் ஆண் விஞ்ஞானி. வசூலில் சுமார்தான். ஆனாலும் அதற்காக அவர் கோல்டன் குளோப் விருதின் சிறந்த நடிகர் பரிந்துரை பெற்றார். பெண் வேடம் போட்டு வரும் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. சிரிப்பு அங்கே உடையிலிருந்து வருகிறது. ஆனால் குழந்தையைக் கலைக்க மாட்டேன் என்று அவர் மன்றாடும்போது, அந்தப் பெரிய உடம்பு முழுக்க ஒரு தாயின் பயம் தெரிகிறது. டெர்மினேட்டரை நூறு முறை பார்த்தவர்கள் அந்த ஒரு காட்சியை ஒருமுறையாவது பாருங்கள்.