அரசனில்லாக் கோட்டையில் ஒரு புதையல் வேட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

"ஆறு உண்டு, தண்ணி இல்ல; கோட்டை உண்டு, ராஜா இல்ல; கோயில் உண்டு, சாமி இல்ல." வேலூரைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லிவந்த சொலவடை இது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக நான் செல்போன் செயலியில் அமைத்த புதையல் வேட்டையின் முதல் துப்பும் இதுதான். அதன் கீழே ஒரு கேள்வி வைத்திருந்தேன்: "இதில் ஒன்று இப்போது பொய்யாகிவிட்டது. எது? எந்த வருடம்?"

எட்டுப் பிள்ளைகள், இரண்டு அணி. ஓர் அணி கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தது. மற்ற அணியில் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி, பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் போய், "ஆயா, இந்தக் கோயிலுக்கு சாமி எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். அந்த அம்மா நாரை மடியில் வைத்துவிட்டு, பக்கத்துச் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஊரே கூடிக் கோட்டைக் கோயிலுக்குள் கொண்டுவந்த கதையைச் சொன்னார். பிள்ளைகள் வாய்திறந்து கேட்டார்கள். விடை: கோயில், 1981. போனில் தேடிய அணிக்கும் அதே விடை கிடைத்தது. ஆனால் கதை கிடைத்தது ஓர் அணிக்குத்தான்.

சரி, இதை எப்படி விளையாடுவது? இதற்கென்றே செயலிகள் நிறைய இருக்கின்றன. நடத்துகிறவர் துப்புகளை முன்கூட்டியே அதில் எழுதி வைத்து, ஒரு குறியீட்டு எண்ணைத் தருவார். அணிக்கு ஒரு பெயர் வைத்து, அந்த எண்ணைப் போட்டு உள்ளே போக வேண்டும். லொகேஷனுக்கும் கேமராவுக்கும் அனுமதி கொடுத்துவிட்டால் முதல் துப்பு திறக்கும். சில துப்புகளுக்கு விடையைத் தட்டச்சு செய்யலாம், சிலவற்றுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், சிலவற்றுக்கு அந்த இடத்துக்குப் போய் நின்றாலே போதும். ஒன்றை முடித்தால் அடுத்தது திறக்கும். குறிப்பு கேட்டால் மதிப்பெண் குறையும். நான் வைக்கும் ஆட்டத்தில் அப்படித்தான்.

இடத்தைக் காட்டும் அந்த நீலப் புள்ளியை ரொம்ப நம்ப வேண்டாம். திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். உயரமான கருங்கல் மதில் ஓரத்தில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் புள்ளி இங்கும் அங்கும் தாவும். எங்கள் பிள்ளைகள் அகழிப் பாலத்தில் நின்றபோது, புள்ளி அவர்களைத் தண்ணீருக்குள் காட்டியது! பக்கத்தில் வந்துவிட்டோம் என்று தெரிந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடச் சொல்லுங்கள். அகழி ஓரத்துக்குப் பிள்ளைகளைத் தனியாக விடவே விடாதீர்கள். ஓர் அணிக்கு ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும்.

அந்தப் புள்ளிக்கு இடம் சொல்வது ஜிபிஎஸ் என்ற செயற்கைக்கோள் ஏற்பாடு. 2000 மே 2 வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பிழையை நீக்கிய மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை மட்டும் அறிவித்தார். ஜியோகேஷிங் என்ற விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. அதில் நிஜமாகவே ஒரு டப்பா ஒளிந்திருக்கும். நம் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே எதையும் புதைக்கவோ ஒட்டவோ கூடாது. அதனால் அங்கே துப்பு மட்டும்தான்; பரிசை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இனி துப்பு எழுதுவது. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. அங்கே போய் நின்று பார்த்தால் மட்டுமே அவிழும்படி எழுத வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு தூணைச் சொல்லி, "இந்த யாளியின் காலடியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். பிள்ளைகள் குனிந்து பார்த்து, விரல் நீட்டிச் சண்டை போட்டு, அப்புறம்தான் விடை சொன்னார்கள். மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூணுக்கு, "தலையில் வைக்கச் சொன்ன ஒன்றால் 1857க்கும் முன்னால் எழுந்தவர்கள்" என்று எழுதினேன். புதுத் தலைப்பாகையை எதிர்த்து 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்த கதை அது. ஒருமுறை கடைப் பலகையின் நிறத்தைக் கேட்டுத் தவறு செய்தேன். அடுத்த வாரமே அதற்கு வேறு பெயின்ட் அடித்துவிட்டார்கள். கல்லில் இருப்பதைக் கேட்டால் அந்தக் கவலை இல்லை.

நம்ம ஊர் வெயில் தெரியும்தானே? காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வெளிச்சத்தில் திரையும் தெரியாது, போனும் சுடும். தண்ணீர் பாட்டில், முழு சார்ஜ், தொப்பி இருந்தால் போதும்.

போகும் முன் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு துப்பு: "கண்டியில் அரசாண்டேன், வேலூர்க் கோட்டையில் சிறையிருந்தேன், பாலாற்றங்கரையில் உறங்குகிறேன். என் பெயர் என்ன? என் மண்டபத்தின் பெயர் என்ன?" ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வணக்கம்.