மிதவையை விடும் கை

நேயர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் முருதேஷ்வர் போய், நேத்ராணித் தீவருகே ஸ்கூபா டைவிங் செய்துவிட்டு, திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்துவிடும் தமிழ் இளைஞர்களைப் பெங்களூரில் நிறையப் பார்க்கலாம். அவர்களில் பலர் கேமராவுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட, இடுப்பில் சுருட்டி மாட்டியிருக்கும் ஆரஞ்சு நிற மிதவைக்குக் கொடுப்பதில்லை. நீருக்கடியில் காற்று நிரப்பி, கயிற்றில் கட்டி மேற்பரப்புக்கு அனுப்பும் நீண்ட பை அது. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நீரோட்டம் நம்மைப் படகிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விட்டால், அலைகளுக்கு நடுவே நம் தலை படகோட்டியின் கண்ணுக்கு மிதக்கும் தேங்காய் அளவுக்குத்தான் தெரியும். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் மிதவை தொலைவிலேயே தெரியும். நாம் மேலே வருவதற்கு முன்பே, கீழே ஆள் இருக்கிறது என்று மற்றப் படகுகளையும் எச்சரிக்கும். ஆகவே, மேலேறும் முன் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கிறோமே, அந்த நேரத்திலோ அதற்குச் சற்று முன்போ அதை அனுப்பிவிடுவது நல்லது.

எவ்வளவு காற்று நிரப்புவது? 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு என்பதால், அங்கே பாதி நிரம்பிய பை மேலே போகும்போது முழுதாக உப்பிவிடும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கே போதும். ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கும் என்பதை நினைவில் வைத்தால், பையை நிரப்பிவிட்டுக் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பது ஏன் ஆபத்து என்பது விளங்கும். பயிற்சி குறைந்தவர்கள் ஆக்டோபஸின் (மூச்சுவிடுவதற்கான உபரிக் குழாய்முனை) பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பையை நிரப்பி, அதனோடேயே இரண்டு மீட்டர் மேலே போய்விடுவது இப்படித்தான். வாயால் ஊதும் வகை மிதவையில் இந்தத் தொல்லை குறைவு. நுரையீரலில் இருந்த காற்றுதான் பைக்குப் போகிறது என்பதால், ஊதியவுடன் விட்டுவிட்டால் நம் மிதப்பு அவ்வளவாக மாறுவதில்லை.

நிரப்பும் முன் செய்ய வேண்டியவை எளியவை. மிதப்பைச் சரிசெய்து ஒரே மட்டத்தில் நில்லுங்கள், தலைக்கு மேலே படகோ வேறு ஆளோ இல்லை என்று பாருங்கள், கூட வந்தவருக்குச் சைகை காட்டி அவரைச் சற்று விலகி எதிரே நிற்கச் சொல்லுங்கள். கயிறு உங்கள் குழாய்களையோ தொட்டியின் வால்வையோ சுற்றியிருக்கிறதா என்று பார்க்க உங்களைவிட அவருக்கே வசதி.

அடுத்துச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். மிதவையின் கயிறு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தளர்வாகப் பிடித்துச் சுழல விட வேண்டும். எந்த நிலையிலும் அதை உடையில் கொக்கி போட்டு மாட்டக் கூடாது. கயிறு சிக்கி ஸ்பூல் நின்றுவிட்டால், ஏறும் மிதவை அதைப் பிடித்திருப்பவரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பதற்றத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரலில் விரியும் காற்று அதைக் கிழித்துவிடக்கூடும். அதற்குச் சில மீட்டர் உயர்வே போதும். அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையை விட்டுவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய ஸ்பூலாயிற்றே என்ற எண்ணம் விரல்களை இறுக்கிவிடுகிறது. அதனால், நம் ஊர் நீச்சல் குளத்தின் ஆழத்தில் காற்று விரிவதைப் பார்க்க முடியாவிட்டாலும், கயிறு நின்றவுடன் கை தானாகத் திறக்கும்படி அங்கேயே திரும்பத் திரும்பப் பழகச் சொல்கிறேன். கூடவே, குழுவில் இன்னொருவரிடம் ஒரு மிதவை இருந்தால், கைவிட்டது போனாலும் கவலையில்லை.

மிதவை மேலே சேர்ந்தபின் கயிற்றைத் தொய்யாமல் வைத்து, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல், கயிற்றைச் சுற்றிக்கொண்டே ஏறுங்கள். தொய்ந்த கயிறு கால் துடுப்பில் மாட்டும். மிதவையும் நிமிராமல் தண்ணீரில் படுத்துவிடும். மேலே வந்ததும் முதலில் உங்கள் பி.சி.டி.யில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) காற்றேற்றிக்கொள்ளுங்கள், பிறகு மிதவையின் அடிப்பகுதியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து நிமிர்த்துங்கள். கரை திரும்பியதும் ஸ்பூலை நல்ல தண்ணீரில் அலசி, கயிறு முழுவதையும் அவிழ்த்து உலர்த்தி, ஒரே இறுக்கத்தில் மறுபடி சுற்றி வையுங்கள். படகில் அவசரமாகச் சுற்றிய கயிற்றை அப்படியே பையில் போட்டு பெங்களூருக்குக் கொண்டுவர வேண்டாம். நன்றி, வணக்கம்.